ஆலைக்குப் போகும் கிழங்கு அடுப்புக்கும் வரட்டும்
மரவள்ளியில் பல நாட்டுச் சமையல்

அறுவடைக் காலம் வந்து விட்டால் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டச் சாலைகளில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போவதைக் காணலாம். பெரும்பாலும் எல்லாம் சேகோ ஆலைகளுக்குப் போகின்றன. அங்கே கிழங்கின் மாவுச்சத்து அளக்கப்பட்டு, 'பாயிண்ட்' கணக்கில் விலை கட்டப்படுகிறது. விலை ஏறினால் மகிழ்ச்சி. இறங்கினால் விவசாயி செய்யக் கூடியது அதிகமில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்காது. உள்ளே நீலம் பாய்ந்து கறுத்து விடும். நெல்லைப் போலக் குதிரில் போட்டு வைத்து, நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது.

ஆலைக்குப் போகும் வண்டியில் ஏறாத கிழங்குக்கு வேறு வழி உண்டா? உண்டு. அது அடுப்பங்கரையில் இருக்கிறது. உலகில் பல கோடி மக்களுக்கு இந்தக் கிழங்கே அன்றாட உணவு. நமது குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அப்படியே. அவர்களுக்கும் இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று, கிழங்கு சீக்கிரம் கெட்டுப் போவது. இரண்டு, கிழங்கில் இருக்கும் நஞ்சு. இந்த இரண்டையும் சமாளிக்கத்தான் ஒவ்வொரு நாட்டுப் பெண்களும் ஒவ்வொரு விதமான பலகாரத்தைக் கண்டு பிடித்தார்கள். அவற்றில் சிலவற்றை நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம்; வாரச் சந்தையில் விற்றும் பார்க்கலாம்.

பிரேசிலிலிருந்து வந்த கிழங்கு

மரவள்ளியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பிரேசில் நாட்டுப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதைப் பயிர் செய்து வந்தார்கள். போர்த்துக்கீசியர் 16-ம் நூற்றாண்டில் இதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். பின்னர் நம் மேற்குக் கடற்கரைக்கும் அவர்கள் மூலமாகவே வந்து சேர்ந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சம் தாங்கும் பயிர் என்று கண்டு இதைக் குடிமக்களிடையே பரப்பினார். இரண்டாவது உலகப் போரில் பர்மாவிலிருந்து அரிசி வருவது 1942-ல் நின்று போன போது, கேரளத்து ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான்.

சேலம் வட்டாரத்தில் கதை வேறு. 1940-களில் வெளிநாட்டுச் சவ்வரிசி வரத்து போரினால் தடைப்பட்டது. அப்போது இங்கே மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கியது. அது வளர்ந்து, 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவு அமைப்பும் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே குமரியில் உணவாகப் பரவிய பயிர், சேலத்தில் ஆலைச் சரக்காகப் பரவியது. கிழங்கைப் பயிரிடும் பல குடும்பங்கள் அதை அதிகம் உண்பதில்லை என்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

குமரியில் மரச்சீனி, கொங்கு நாட்டில் குச்சிக் கிழங்கு, வேறு சில ஊர்களில் கப்பக் கிழங்கு, ஏழிலைக் கிழங்கு என்று பெயர்கள் பல. கிழங்கு ஒன்றே.

முதலில் நஞ்சைப் பற்றி

மரவள்ளித் தழையைப் பச்சையாக மேய்ந்த ஆடு சுருண்டு விழுவதைக் கிராமத்தில் பலர் கண்டிருப்பார்கள். அதற்குக் காரணம் 'லினமாரின்' என்ற பொருள். இது இலையிலும், தோலிலும், கிழங்கிலும் உண்டு. கிழங்கை வெட்டினாலும், துருவினாலும், மென்றாலும், செடியில் உள்ள ஒரு நொதி இந்தப் பொருளைச் சிதைக்கிறது. அப்போது ஹைட்ரோ சயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு வெளிப்படுகிறது.

ஆனால் இந்த நஞ்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது எளிதில் ஆவியாகி விடும். 26 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே கொதித்துக் காற்றில் கலந்து விடும். நீரிலும் கரையும். ஆகவே துருவுவது, ஊற வைப்பது, பிழிவது, புளிக்க வைப்பது, திறந்த பாத்திரத்தில் வேக வைப்பது, வறுப்பது ஆகிய எல்லாமே நஞ்சைப் போக்கும் வேலைகள். பின்னால் சொல்லப்படும் பலகாரங்களில் ஏதாவது ஒரு படி வீண் வேலை போலத் தோன்றலாம். அந்தப் படிதான் உயிரைக் காக்கும் படி. அதை விட்டு விடக் கூடாது.

இரண்டு வகைக் கிழங்கு

எல்லாக் கிழங்கிலும் நஞ்சு ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லி கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இனிப்பு வகை. அதற்கு மேல் போனால் கசப்பு வகை. சில கசப்பு ரகங்களில் 400 மில்லி கிராமுக்கு மேலும் இருப்பதுண்டு. கடும் வறட்சியில் வளர்ந்த செடியில், நல்ல ரகமானாலும் நஞ்சு கூடும்.

எச்-165, எச்-226 போன்ற ரகங்கள் நம் பகுதியில் மாவுச்சத்துக்காக ஆலையை உத்தேசித்துப் பயிரிடப்படுகின்றன. ஆலைக்கென்று நட்ட வயலிலிருந்து, ரகம் தெரியாமல் கிழங்கைப் பிடுங்கி வந்து சமைப்பது சரியல்ல. சமையலுக்கு ஏற்ற ரகங்கள் தனியே உண்டு. மலேசியாவிலிருந்து வந்த எம்-4 ரகம் சுவைக்குப் பெயர் பெற்றது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா, ஸ்ரீ பிரகாஷ் ஆகிய ரகங்களை வெளியிட்டுள்ளது. இவை ஆறு, ஏழு மாதங்களில் அறுவடைக்கு வருபவை. நன்றாக வேகக் கூடியவை.

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தங்கள் மண்ணுக்கு ஏற்ற சமையல் ரகம் எது, தேமல் நோய் இல்லாத கரணை எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்டு அறியலாம். ஓர் ஏக்கர் மரவள்ளி போடுகிறவர் ஐந்து சென்ட் நிலத்தைச் சமையல் ரகத்துக்கு ஒதுக்கினால் போதும். இரண்டு ரகமும் கலந்து விடாமல் இடையே ஒரு வரப்பாவது இருக்க வேண்டும்.

வேக வைக்கும் முறை

எந்தப் பலகாரமானாலும் இதுவே அடிப்படை. பிடுங்கிய அன்றோ மறுநாளோ சமைத்து விட வேண்டும். நீலம் பாய்ந்த கிழங்கு வேண்டாம். மேலே உள்ள பழுப்புத் தோலை மட்டும் சீவினால் போதாது. அதை அடுத்துள்ள கெட்டியான உள் பட்டையையும் சேர்த்து உரிக்க வேண்டும். இனிப்பு வகைகளில் சதையை விடப் பட்டையில்தான் நஞ்சு அதிகம்.

உரித்த கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நடு நரம்பை எடுத்து விட்டு, சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து அந்த நீரைக் கொட்டி விட வேண்டும். பிறகு கிழங்கைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் ஊற்றி, பச்சைத் தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு அடுப்பேற்ற வேண்டும். தண்ணீர் மெல்லச் சூடேறும் போது நொதி தன் வேலையைச் செய்து நஞ்சை வெளியேற்றும். கொதிநீரில் போட்டால் நொதி உடனே செத்து, நஞ்சின் மூலப்பொருள் கிழங்கிலேயே தங்கி விடும். பாத்திரத்தை மூடக் கூடாது. அரைமணி நேரமாவது நன்றாக வேக வைத்து, வெந்த நீரை வடித்துக் கொட்டி விட வேண்டும். குழம்புக்கோ மாட்டுக்கோ அந்த நீரை உபயோகிக்கக் கூடாது. வெந்த துண்டைச் சிறிது நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் முழுவதையும் எறிந்து விடுவதே நல்லது.

குமரியிலும் கேரளத்திலும்: மீனோடு கிழங்கு

ஒரு கிலோ கிழங்கை மேற்சொன்னபடி வேக வைத்து வடித்துக் கொள்ள வேண்டும். அரை மூடித் தேங்காய், நாலைந்து சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, நாலு பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், சிறிது மஞ்சள் ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துக் கிழங்கில் சேர்த்து, உப்புப் போட்டு, சிறு தீயில் மத்தால் மசித்துக் கிளற வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்கலாம். இதற்குத் துணை, புளி சேர்த்த மீன் குழம்பு. மத்தி மீன் கிடைத்தால் மிகவும் நல்லது.

இந்தச் சேர்க்கையில் ஓர் அர்த்தம் இருக்கிறது. மரவள்ளியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தே. வேக வைத்த நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான். மீனில் உள்ள கந்தகம் கலந்த புரதச் சத்து, உடலில் எஞ்சிய சிறிதளவு நஞ்சையும் முறித்து வெளியேற்ற உதவுகிறது. கடல் மீனில் அயோடினும் உண்டு. மீன் உண்ணாதவர்கள் நிலக்கடலை, பயறு, பால், எள் ஆகியவற்றை இந்தக் கிழங்கோடு அவசியம் சேர்த்துக் கொள்ள வேண்டும். தனிக் கிழங்கை மட்டும் நாள்தோறும் தின்பது உடம்புக்கு ஆகாது.

கிழங்கு மிஞ்சினால் கேரளத்தில் அதை வில்லையாக நறுக்கி, அரை வேக்காட்டில் வடித்து, வெயிலில் உலர்த்தி 'வாட்டுக் கப்பை' ஆக்கி வைக்கிறார்கள். மழைக் காலத்தில் எடுத்து ஊற வைத்துச் சமைக்கிறார்கள்.

இலங்கையில்: திறந்த பானை

இலங்கையில் 1970-களின் முற்பகுதியில் அரிசித் தட்டுப்பாடு வந்த போது மரவள்ளி பல வீடுகளில் வேளை உணவாயிற்று. அங்கே கிழங்கை அவித்துத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடுகிறார்கள். துருவிய தேங்காய், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றை இடித்து எலுமிச்சம் பழம் பிழிந்தால் சம்பல் தயார். மரவள்ளி அவிக்கும் பானையை மூடக் கூடாது என்பது அங்குள்ள தாய்மார்கள் மகள்களுக்குச் சொல்லித் தரும் பாடம். மரவள்ளி உண்ணும் வேளையில் இஞ்சி கூடாது என்ற வழக்கமும் உண்டு.

ஜாவாவில்: கருப்பட்டி இனிப்பு

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 'கெதுக்' என்ற இனிப்பு பெயர் பெற்றது. செய்வது மிக எளிது. ஒரு கிலோ கிழங்கைப் பதமாக வேக வைத்து வடித்து, சூடு ஆறும் முன்பே உரலில் போட்டு இடிக்க வேண்டும். இருநூறு கிராம் பனைவெல்லத்தைத் தூள் செய்து, ஒரு சிட்டிகை உப்புடன் சேர்த்து மேலும் இடித்தால் பழுப்பு நிறத்தில் மெழுகு போல ஆகும். தட்டில் தட்டி ஆறிய பின் துண்டு போட்டு, உப்புக் கலந்த தேங்காய்த் துருவலைத் தூவிக் கொடுக்கலாம். நம் ஊர்க் கருப்பட்டி இதற்கு அப்படியே பொருந்தும். எண்ணெய், நெய் எதுவும் தேவையில்லை. அன்றைக்கே விற்று முடிக்க வேண்டிய பண்டம் இது.

அதே ஜாவாவில் 'தாப்பே' என்று ஒன்று உண்டு. வெந்த கிழங்கின் மேல், அரிசி மாவில் செய்த நொதி வில்லையைத் தூளாக்கித் தூவி, இலையால் மூடி இரண்டு மூன்று நாள் வைத்து விடுகிறார்கள். கிழங்கு மிருதுவாகி, இனிப்பும் புளிப்புமாக மாறி விடுகிறது. மலைப் பாங்கான குனுங் கிதுல் பகுதியில், உலர்த்திய கிழங்கை மாவாக்கி, நீர் தெளித்து உருட்டி, ஆவியில் வேக வைத்து 'திவுல்' என்ற பெயரில் சோற்றுக்குப் பதிலாக உண்பது வழக்கம். பஞ்ச காலத்தில் அந்த மக்களைக் காத்தது இதுவே.

வியட்நாமில்: எள்ளுப் பொடி

வியட்நாம் போரின் போது, கூச்சி என்ற இடத்தில் சுரங்கத்தில் பதுங்கியிருந்து போரிட்டவர்களுக்கு அவித்த மரவள்ளியே முக்கிய உணவு. அந்தச் சுரங்கத்தைப் பார்க்கச் செல்பவர்களுக்கும் அதையே ஒரு துண்டு கொடுக்கிறார்கள். தொட்டுக் கொள்ள ஒரு பொடி. இரண்டு பங்கு வறுத்த நிலக்கடலை, ஒரு பங்கு வறுத்த எள், சிறிது சர்க்கரை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கரகரப்பாகப் பொடித்தால் முடிந்தது. நிலக்கடலையும் எள்ளும் விளையும் நம் மானாவாரிப் பகுதிக்கு இதை விடச் சுலபமான சிற்றுண்டி இல்லை. மரவள்ளியில் இல்லாத புரதத்தையும் எண்ணெய்ச் சத்தையும் இந்தப் பொடி ஈடு செய்கிறது. பள்ளி விட்டு வரும் குழந்தைகளுக்கு ஏற்றது.

பிலிப்பைன்ஸில்: தேங்காய்ப் பால் கேக்

பிலிப்பைன்ஸ் தீவுகளில் விருந்து, பிறந்த நாள் எதுவானாலும் மரவள்ளிக் கேக் உண்டு. இதற்குப் பச்சைக் கிழங்கைத் துருவ வேண்டியிருப்பதால் நிச்சயமாகத் தெரிந்த இனிப்பு ரகமாக இருக்க வேண்டும். துருவலைத் துணியில் கட்டி இறுகப் பிழிந்து, சாற்றைக் கொட்டி விட வேண்டும். பிழிந்த துருவல் அரை கிலோவுக்கு, தேங்காய்ப் பால் இரண்டு டம்ளர், சர்க்கரை 150 கிராம், முட்டை இரண்டு, சிறிது உப்பு போதும். எல்லாவற்றையும் கலந்து, வாட்டிய வாழையிலை பரப்பிய கனமான பாத்திரத்தில் ஊற்ற வேண்டும்.

அந்த நாட்டுக் கிராமங்களில் இத்தகைய பணியாரங்களுக்குக் கீழேயும் தணல், மூடி மேலேயும் தணல் வைப்பது பழைய முறை. நம் வீட்டிலும் அப்படிச் செய்யலாம். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் மேற்புறம் பொன்னிறமாகும். குச்சியால் குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால் பதம். நன்றாக ஆறிய பின்பே வெட்ட வேண்டும். அங்கே 'பிச்சி-பிச்சி' என்ற இன்னொரு பண்டமும் உண்டு. பிழிந்த துருவலில் சர்க்கரையும் நீரும் கலந்து சிறு கிண்ணங்களில் ஆவியில் வேக வைத்து, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுப்பார்கள்.

பிரேசிலில்: எண்ணெயில்லாத ரொட்டி

பயிர் பிறந்த நாட்டில்தான் சமையலும் அதிகம். அங்குள்ள பழங்குடியினர் கசப்புக் கிழங்கைத் துருவி, 'திப்பித்தி' என்ற நீண்ட பின்னல் குழாயில் அடைத்துத் தொங்க விட்டு, கீழே இழுப்பார்கள். குழாய் இறுகச் சாறு வடியும். சாற்றில் படியும் வெள்ளை மாவுக்குத்தான் அவர்கள் மொழியில் 'டாபியோகா' என்ற பெயர் வந்தது. சாற்றையும் நெடுநேரம் கொதிக்க வைத்து நஞ்சு நீக்கிக் குழம்புக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த மாவை வீட்டிலேயே எடுக்கலாம். சேகோ ஆலையில் பெரிய அளவில் நடப்பதும் இதுவே. உரித்த கிழங்கைத் துருவி, நிறையத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடிகட்ட வேண்டும். பால் போன்ற நீரை நாலைந்து மணி நேரம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேல் நீரைக் கொட்டி, மறுபடி புது நீர் விட்டுக் கலக்கிப் படிய விட வேண்டும். இரண்டாம் முறையும் நீரை இறுத்த பின், துணியில் பரப்பி ஈரம் பாதி போனதும் சல்லடையில் சலித்தால் உதிரியாக வரும்.

சூடான வெறுங் கல்லில் மூன்று கரண்டி மாவைத் தோசை அளவுக்குத் தூவிப் பரப்ப வேண்டும். எண்ணெய் விடக் கூடாது. ஒரு நிமிடத்தில் மாவு தானே ஒட்டி ரொட்டியாகி விடும். திருப்பிப் போட்டு எடுத்து, உள்ளே தேங்காய்த் துருவலும் வெல்லமும் வைத்து மடித்துச் சுடச்சுடச் சாப்பிடலாம். கால்நடை மிகுந்த மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், புளிக்க வைத்த மாவோடு பால், முட்டை, பாலாடைக் கட்டி ஆகியவை சேர்த்துச் சிறு உருண்டைகளாகச் சுடுகிறார்கள்.

ஜமைக்காத் தீவிலும் இதே வழியில் வந்த ரொட்டி உண்டு. துருவிப் பிழிந்த கிழங்கைக் கனத்த வட்டமாகத் தட்டிச் சுட்டு, தேங்காய்ப் பாலில் ஊற வைத்துப் பொரித்து, வறுத்த மீனோடு உண்கிறார்கள். அதன் பெயர் 'பாமி'.

ஆப்பிரிக்காவில்: மாதக் கணக்கில் கெடாத காரி

சிறு விவசாயிக்கு மிகவும் பயன்படக் கூடியது மேற்கு ஆப்பிரிக்காவின் 'காரி'. நைஜீரியா, கானா நாடுகளில் இது இல்லாத வீடு அரிது. உரித்துக் கழுவிய கிழங்கைத் துருவிச் சாக்கில் கட்டி, மேலே கனமான கற்களை ஏற்றி இரண்டு முதல் நாலு நாள் வைக்கிறார்கள். சாறு வடிந்து, மாவு புளிக்கிறது. கட்டியை உதிர்த்துச் சலித்து, அகன்ற இரும்புச் சட்டியில் கை விடாமல் கிளறி மொறுமொறுப்பாகும் வரை வறுக்கிறார்கள். சட்டியிலிருந்து எழும் ஆவியோடு எஞ்சிய நஞ்சும் போகிறது. காற்றோட்டமுள்ள இடத்தில்தான் வறுக்க வேண்டும்.

நாலு கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காரி கிடைக்கும். ஈரம் படாமல் டப்பாவில் அடைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். இரண்டு நாளில் அழுகும் கிழங்கு இப்படிப் பல மாதம் தாங்கும் பண்டமாகிறது. கொதிநீரில் கொட்டிக் கிளறினால் நம் ராகிக் களி போல ஆகும்; அதை வெண்டைக்காய்க் குழம்போடு உண்கிறார்கள். குளிர்ந்த நீரில் ஊற வைத்துச் சர்க்கரையும் வறுத்த கடலையும் போட்டு உண்பது மாணவர்களின் வழக்கம்.

ஐவரி கோஸ்ட் நாட்டில் புளித்த மாவைச் சிறு மணிகளாக்கி ஆவியில் அவித்து 'அட்டியேகே' என்று உண்கிறார்கள். பொரித்த மீனும் வெங்காயமும் தக்காளியும் அதற்குத் துணை. இந்தக் கைத்திறனை 2024-ல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதைக் காலங்காலமாகக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களே.

படியை விட்டால் என்ன ஆகும்?

மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாநிலத்தில் 1981-ல் கடும் வறட்சி. மற்றப் பயிர்கள் கருகின. கசப்பு மரவள்ளி மட்டும் நின்றது. வழக்கமாகப் பல நாள் உலர்த்திச் சமைக்கும் மக்கள், பசியினால் காத்திருக்க முடியாமல் அவசரமாகச் சமைத்து உண்டார்கள். துணைக்கு மீனோ பருப்போ இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து நடை போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 'கொன்சோ' எனப்படும் இந்த நோய் வந்தால் இழந்த நடை முழுவதும் திரும்புவதில்லை.

உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில் 2017-ல் நஞ்சு மிகுந்த மரவள்ளி மாவில் செய்த உணவை உண்டு 98 பேர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். மாவாக வாங்கியதால் அது என்ன கிழங்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

மாவிலும் நஞ்சு எஞ்சக் கூடும் என்பதால், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக் கழக அறிஞர்கள் ஓர் எளிய வழி கண்டார்கள். மரவள்ளி மாவை நீர் விட்டுப் பிசைந்து, ஒரு சென்டி மீட்டருக்கு மேற்படாமல் மெல்லிய படலமாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரம் அல்லது நிழலில் ஐந்து மணி நேரம் வைத்தால் எஞ்சிய நஞ்சில் பெரும் பகுதி பறந்து விடும். பிறகு அன்றே சமைத்து விட வேண்டும். நடை இழந்த ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த முறை கற்றுத் தரப்பட்டது. இது நல்ல ரகத்துக்குக் கூடுதல் பாதுகாப்பே அன்றி, கசப்புக் கிழங்கை உண்பதற்கு அனுமதி அல்ல.

கிழங்கு உண்ட பின் தலைச்சுற்றல், வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல் கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உரித்த பச்சைத் தோலையும் தழையையும் ஆடு மாடு எட்டாத இடத்தில் போட வேண்டும்.

செய்ய வேண்டியவை

மரவள்ளி விலையை வீட்டு அடுப்பு உயர்த்தி விடாது. லாரி லாரியாக விளைவது ஆலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஐந்து சென்ட் சமையல் ரகம் குடும்பத்தின் உணவுக்கு உதவும். வாரச் சந்தையில் பச்சைக் கிழங்காகவும் விற்கும். மகளிர் குழுவினர் இரண்டொரு பலகாரத்தைப் பழகிக் கொண்டால், கெட்டுப் போகும் முன் கிழங்கைக் காசாக்கலாம். விற்பனைக்குச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் முயல வேண்டாம். கருப்பட்டி கெதுக்கும், எள்ளுப் பொடியோடு அவித்த கிழங்கும் செலவில்லாதவை. முதலில் வீட்டில் செய்து பார்க்கலாம். கை பழகிய பின் ரொட்டியும் கேக்கும். சாக்கும் கல்லும் வாணலியும் இருந்தால் காரி.

எதைச் செய்தாலும் நாலு விஷயங்களை மறக்கக் கூடாது. ரகம் தெரிந்த கிழங்கு, பட்டையோடு உரித்தல், ஊறிய நீர், பிழிந்த சாறு, வெந்த நீர் மூன்றையும் கொட்டுதல், மீன், கடலை, பயறு ஏதாவது ஒன்றைத் துணை சேர்த்தல். அடுத்த பட்டத்துக்குக் கரணை வெட்டும் போதே சமையல் ரகக் கரணைகளைத் தனியே கட்டி, அடையாளம் வைத்து விடுவது நல்லது.